ஆதாரம்: அம்மாவின் குரல்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ விமானம் ஏறிய பிறகு வாசித்தால் எனக்குப் பிரயோசனம் இல்லை. அங்கே போய் இறங்கிவிட்டால், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்பாய். இப்போது நீ கொழும்பில் இருக்கிறாய். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம். அதனால் இப்போதே எழுதுகிறேன். வாழ்த்தை எதிர்பார்த்துப் பிரித்திருந்தால் இதோடு மடித்து வைத்துவிடு. உனக்கு வாழ்த்துச் சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். "ஒங்க மகன் மாதிரி ஒரு புள்ள இருந்தா போதுங்க" என்று கோயில் வாசலில் என்னை நிறுத்திச் சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். இதைப் பிரதி எடுத்து நம்முடைய ஆட்களுக்கும் கொடுக்கப்போகிறேன். எங்கள் பேச்சையெல்லாம் நீ திறந்து வைத்தாய். உனக்கு நான் எழுதுவதும் திறந்தே இருக்கட்டும்.

உன் அப்பாவின் முதல் திவசத்துக்கு நீ வந்திருந்தபோதுதான் இது தொடங்கியது. படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்து தாள்களையெல்லாம் பாயில் பரப்பினாய். பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பிகள், அவர் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த காலத்துச் சம்பளத் துண்டுகள், சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வந்த கடிதங்கள், உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகள். ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தாய். "இனி இதுக அழியாதும்மா. இந்த ஏ.ஐ. மெஷின் எல்லாத்தையும் வாசிச்சு, ஆளுக்கொரு பக்கம் எழுதி, எதுக்கும் எதுக்கும் என்ன தொடர்புன்னு அதுவே முடிச்சுப் போட்டுரும்" என்றாய். சிங்களத்தில் எழுதியிருந்ததையும் இங்கிலீஷில் எழுதியிருந்ததையும் அது தமிழில் சொன்னது. அப்பாவின் பெயரைத் தொட்டாய். அவர் பிறந்த தோட்டம், படித்த பள்ளிக்கூடம், என்னைக் கட்டிய கோயில், நீ பிறந்த குருவிட்ட ஆஸ்பத்திரி எல்லாம் ஒன்றுக்கொன்று கோடு இழுத்தபடி திரையில் விரிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு உன்மேல் எனக்கு இருந்த பெருமையை மறைக்கமாட்டேன். அதற்காக இப்போது சும்மா விட்டுவிடுவேன் என்றும் நினைக்காதே.

தாளில் இல்லாததற்கு நான் வேண்டும் என்றாய். அரிசி டிரம்மின் மேல் போனை வைத்துவிட்டு, "நீங்க பாட்டுக்கு வேலையப் பாத்துக்கிட்டே பேசுங்கம்மா, அது எடுத்துக்கும்" என்றாய். நீ லீவில் நின்ற நாள் முழுக்க நான் பேசிக்கொண்டே இருந்தேன். என் கல்யாணம், உன் பிறப்பு, பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்ட கதை, அப்பாவின் கடைசிக் காலம். நடுவில் தண்ணீர் பிடிக்கப் போனேன், வந்தேன், தாளித்தேன். போன் அங்கேயே இருந்தது.

அடுத்த காம்பரா தெய்வானையை உனக்குத் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரக்காப்பொல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் செத்ததும், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்திலிருந்த அண்ணனிடம் வந்தாள். அப்போது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அண்ணனும் போன பிறகு அதே காம்பராவில் தனியாக இருந்தாள். தோட்டம் அவளை நிரந்தரமாகப் பதியவில்லை. ஆள் குறைகிற நாட்களில் கூப்பிட்டால் போய் ரப்பர் பால் வெட்டுவாள். நல்ல வாய்க்காரி. அவளும் நானும் பேசிய நாட்களைவிடப் பேசாத நாட்கள்தான் அதிகம். அவள் கோழியைக் கல்லால் அடித்தாய் என்று உன் காதைத் திருகி இழுத்துவந்து என் வாசலில் விட்டது உனக்கும் மறந்திருக்காது. அவள் எனக்கு எந்த நன்மையும் செய்ததில்லை. நான் அவளுக்குச் செய்ததும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு நல்ல மனுஷிக்காக அம்மா உருகுகிறாள் என்று நினைப்பாய்.

நீ பதிவு செய்த அன்றைக்குக் குழாயடியில் அவள் என் வாளியைத் தள்ளிவிட்டுத் தன் வாளியை வைத்தாள். நனைந்த சேலையோடு உள்ளே வந்த நான், "அவ இந்த லயத்து ஆளே இல்ல. வரக்காப்பொல பக்கமிருந்து வந்து அண்ணன் காம்பராவுல ஒட்டிக்கிட்டவ. எந்தப் பதிவுலயும் அவ பேரு கெடையாது. வாய மட்டும் பாரு" என்று சொல்லிக்கொண்டே கடுகைப் போட்டேன். பருப்பு இறங்குவதற்குள் அது எனக்கு மறந்துபோய்விட்டது. அவளும் சுவருக்கு அந்தப் பக்கம் என்னைப் பற்றி அதைவிட மோசமாகப் பேசியிருப்பாள். லயத்தில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பேசிவிட்டு மறுநாள் அதே குழாயடிக்குப் போவார்கள்.

பிறகு அந்த மழை வந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து கடைசிச் சமையல் குசினிகளை மூடியது. உயிர்ச்சேதம் இல்லை. எல்லோரையும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மண்ணைப் பரிசோதிக்க வந்தவர்கள் இனி யாரும் அந்த லயத்தில் இருக்கக்கூடாது என்றார்கள். ஸ்டோருக்கு அந்தப் பக்கம் தனி வீடு கட்டித் தருவோம், ஆனால் இந்த லயத்தில் வசிப்பவர் என்று ஒவ்வொருவரும் காட்டவேண்டும் என்றார்கள். காட்டவேண்டிய தாளெல்லாம் சேற்றில் ஊறிக் கிடந்தது. நீ லீவு போட்டு வந்தாய். மண்டபத்தில் கயிறு கட்டி ஒவ்வொரு தாளையும் காயப்போட்டாய். மேலே துணி விரித்து அயர்ன் பண்ணினாய். மை கரைந்துபோன எழுத்தைக்கூட உன் மெஷின் வாசித்தது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அதில் ஒருவர் கூலி கேட்காமல் உழைத்தார் என்றால் அது நீதான். பெண்கள் உன் நெற்றியில் திருநீறு பூசினார்கள். தெய்வானையும் பூசினாள். பூசிவிட்டுத் தன் பொலித்தீன் பையை அப்படியே உன் கையில் கொடுத்தாள். எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று அவள் கேட்டபோது நீ சொன்னாய்: "எது இருந்தாலும் குடுங்கக்கா. மெஷின் பிரிச்சுக்கும்."

அவள் பெயர் ஒரு தாளில் தேவானெ, ஒன்றில் தெய்வாணி, ஒன்றில் தெய்வானை. எழுதியவர் சிங்களவரா, தமிழரா, அவசரத்தில் இருந்தாரா என்பதைப் பொறுத்தது. இந்த மூன்று பேரும் ஒரே ஆள் என்று மெஷின் தானாகக் கண்டுபிடித்ததும் சந்தோஷம் தாங்காமல் எனக்குக் கொண்டுவந்து காட்டினாய். அவள் பக்கத்தின் கீழே சிவப்பில் ஒரு வரி இருந்தது.

"என்னடா இது செவப்பா?"

"முரண்பாடும்மா. அடையாள அட்டையில வரக்காப்பொல விலாசம் இருக்கு. இங்க அவங்களுக்கு ஒரு பதிவும் இல்ல."

"அப்ப அத எடுத்துரு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

நான் அதோடு விட்டுவிட்டேன். பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. எங்களுக்கு எப்போதும் நடந்தது வேறு மாதிரி. அதிகாரி ஒரு தாளைப் பார்ப்பார், மற்றதைப் பார்க்கமாட்டார். கிராம சேவகரிடம் கேட்பார். அவர் "ஓ, அந்தப் பொம்பளையா, அங்கதான் இருக்காங்க" என்பார். முத்திரை விழும். எங்களில் பாதிப்பேர் அப்படித்தான், ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பிள்ளை பெற்றுக் குடும்பம் நடத்தினோம். நீ அந்த இடைவெளியை எல்லாம் அடைத்தாய். அடைக்கும்போது உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

புது வீடுகளுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரிக்கு நீ தாள்களின் கோப்பை மட்டும் கொடுக்கவில்லை. அவரே கேள்வி கேட்டுப் பதில் எடுத்துக்கொள்ளும்படி அந்த மெஷினையே திறந்து கொடுத்தாய். எங்கள் வீட்டுப் பேச்சும் லயத்துத் தாள்களும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். பிறகு கேட்டபோது, "எல்லாம் ஒன்னா இருந்தாதான் மெஷினுக்கு நல்லா வெளங்கும்மா" என்றாய்.

வீடு கிடைத்தவர்களின் பெயர்களை ஒட்டிய அன்றைக்குத் தெய்வானை அழவில்லை, திட்டவும் இல்லை. என்னிடம் வந்து, "ஒங்க மகன் என் தாள எல்லாம் வாங்கிட்டுப் போனாருங்க. என் பேரு எங்கங்க?" என்று கேட்டாள். ஆயுசில் முதல் தடவையாக என்னை மரியாதையாகப் பேசினாள். நான் அதிகாரியின் கந்தோருக்கு வந்து சொல்கிறேன் என்றேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். தலைசுற்றாமல் இருக்க அவள் எலுமிச்சை இலை கொண்டுவந்திருந்தாள். கசக்கி முகர்ந்துவிட்டு எனக்கும் கொடுத்தாள்.

அதிகாரி நல்ல மனுஷர். எங்களை உட்காரச் சொன்னார். இவள் என் பக்கத்துக் காம்பரா, என் மகன் தவழ்ந்த காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறாள், நானே சாட்சி என்று சிங்களத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கடுகு வெடிக்கிற சத்தம் முதலில் கேட்டது. அதற்குப் பிறகு நான் பேசினேன். அவ இந்த லயத்து ஆளே இல்ல. ஒட்டிக்கிட்டவ. எந்தப் பதிவுலயும் அவ பேரு கெடையாது. என் குரல் அந்தக் கந்தோர் முழுக்கக் கேட்டது. அவருக்குப் புரியும்படி கீழே சிங்களத்தில் ஓடியது. கடைசி வரியாக, ஆதாரம்: அம்மாவின் குரல் என்று நீ வைத்த பெயரும் இருந்தது.

"மே ஒயாகே கடஹண்ட நேத?" என்று அவர் கேட்டார். இது உங்கள் குரல்தானே என்று. குற்றம் பிடிக்கிற மாதிரிக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? பக்கத்து மேசையில் தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தாள். "வாய மட்டும் பாரு" என்பதைக் கேட்டு அவள் குனிந்து சிரித்தாள். தெய்வானைக்குக் கீழே ஓடிய சிங்களம் தேவைப்படவில்லை. மேசையில் இருந்த தன் பொலித்தீன் பையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு மேன்முறையீடு செய்ய உரிமை இருக்கிறது என்று அதிகாரி சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. திரும்பும்போது அவள் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன்.

அன்றைக்கே உனக்கு போன் எடுத்தேன். நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எந்த மெஷினும் எனக்கு வேண்டியதில்லை.

"நான் ஒன்னும் சேக்கலம்மா. தாள்ல இருந்தது, நீங்க சொன்னது. அவ்வளவுதான்."

"அது கோவத்துல சொன்னதுடா."

"கோவத்துல சொன்னாலும் உண்மைதானே? நீங்கதானே சொன்னீங்க."

தம்பி, நீ சின்ன வயதிலிருந்தே சரியான விடை எழுதுகிற பிள்ளை. உன்னை அப்படி வளர்த்தோம். தப்பாகச் சொல்லிவிட்டு வா, பரவாயில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. உன் அப்பா இருந்திருந்தால் உன்னைக் கண்டித்திருப்பார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் உன்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார். அவருக்கும் தாளில் இருப்பதுதான் பெரிது. இந்த ஒரு விஷயத்தில் அவர் இல்லாமல் போனது நல்லது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன். இனிமேல் நீ எத்தனையோ பேருடைய தாளையும் பேச்சையும் வாங்கி மெஷினுக்குக் கொடுக்கப்போகிறாய். அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். ஒருத்தி அடுப்படியில் பேசுவது அடுப்படிக்குத்தான். அதை எடுத்துக்கொண்டுபோய் ஒரு கந்தோர் மேசையில் வைத்தால் அது வேறு பேச்சாகிவிடும். ஒரு எழுத்தைக்கூட நீ மாற்றவேண்டியதில்லை, இடத்தை மாற்றினாலே போதும். இன்னொன்றும் சொல்கிறேன். தெய்வானை கெட்ட வாய்க்காரி என்பாய். இருக்கட்டும். நல்லவளாக இருந்தால்தான் ஒருத்திக்குக் கூரை கொடுப்பார்களா? அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கும் வீடு கிடைத்திருக்கக் கூடாது.

ஆனால் கிடைத்தது. நாங்களெல்லாம் புது வீட்டுக்குப் போனோம். அவளுக்கு வந்திருக்கவேண்டிய வீடு புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு ஜோடிக்குப் போனது. லயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் பால் காய்ச்சினேன். நீ மாலை போட்ட அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாய்.

அம்மியை எடுக்க ஒருநாள் பழைய லயத்துக்குப் போனேன். யாரும் திரும்பி வந்து குடியிருக்கக்கூடாது என்று தோட்டத்து லொறி வந்து கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தது. போக இடமில்லாமல் அங்கே திரும்பியிருந்த தெய்வானையின் அடுப்பில் புகை வந்தது. "அக்கா, வெளிய வாங்க, தகரம் விழுந்துரும்" என்று மேலே நின்ற பையன் கூப்பிட்டான். அவள் வரவில்லை. அவனும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கழற்றத் தொடங்கினான், அவனுக்கும் சொன்ன வேலை. ஒவ்வொரு தகரமாகப் போனது. தூறல் நேரே அடுப்பில் விழுந்தது. புகை நின்றது. அரைவேக்காட்டுச் சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நான் படியில் நின்றேன். "வழிய விடுங்க" என்றாள். விட்டேன்.

பிறகு எஹலியகொடவில் ஒரு சிங்கள வீட்டில் படுக்கையில் கிடக்கும் கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சமயத்தில்தான் நீ எனக்கு வீடியோ அனுப்பினாய். பெரிய மண்டபத்தில் நின்று, எங்கள் லயத்து வேலையைக் காட்டி இங்கிலீஷில் பேசுகிறாய். பின்னால் திரையில் தெய்வானையின் அடையாள அட்டை கயிற்றில் காய்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க அனுமதி இல்லாம மொகத்தக் காட்டக்கூடாதும்மா, அது பெரிய தப்பு" என்றாய். அந்த வேலையைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் உன்னை எடுத்தார்கள் என்றும் சொன்னாய்.

மேன்முறையீட்டுக்கு அவள் கையெழுத்து வேண்டும் என்று நான் எஹலியகொடவுக்குப் போனேன். கேட்டைத் தட்டினேன். அந்த வீட்டுக்கார நோனா வந்தார். தெய்வானை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உள்ளே திரும்பி, "தேவிகா" என்று வேறு பெயரில் கூப்பிட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் தெய்வானைதான். என் முகத்தைப் பார்த்தாள். நோனாவிடம் திரும்பி, "எஹெம கெனெக் மெஹெ நே, நோனா" என்றாள். அப்படி ஒருத்தி இங்கே இல்லை. ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். நோனா உள்ளே போன பிறகு கேட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தமிழில் பேசினாள்.

"கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். வீடு வேணாங்க. ஒங்க மகன்கிட்ட ஒன்னு மட்டும் சொல்லுங்க. என் பேரு, என் போட்டோ, என் தாளு, ஒன்னும் அவர்கிட்ட இருக்கக் கூடாது. எடுத்துரச் சொல்லுங்க."

கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது இதை உன்னிடம் போனில் சொன்னேன். பெட்டியின் சிப்பை இழுக்கிற சத்தம் நின்றது. எனக்கு ஒரு ஆசை வந்தது, மகன் சரி என்று சொல்லப்போகிறான் என்று.

"ஒரு ஆள மட்டும் அப்படி உருவ முடியாதும்மா. அவங்க பக்கம் எல்லாத்தோடயும் சேந்திருக்கு. எடுத்தா லிங்க் எல்லாம் ஒடஞ்சிரும். நான் அங்க போய்க் காட்டப்போறதே அதத்தான்" என்றாய். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்து, "நீங்க இதெல்லாம் மனசுல வைக்காதீங்கம்மா. உங்களுக்கும் பெரிய பக்கம் இருக்கு. நாளைக்கு நீங்க இல்லாத காலத்துலயும் நான் கேட்டா உங்க கொரல்லயே பதில் சொல்லும்" என்றாய்.

உடையட்டும் தம்பி. லிங்க் உடைந்தால் உனக்கு ஒரு வேலை கெடும். அவளுக்குக் கெட்டதை நீயே பார்த்தாய், அல்லது பார்க்காமல் முகத்தை மங்கலாக்கினாய். விமானம் ஏறுவதற்கு முன் அவள் பெயரையும் படத்தையும் தாள்களையும் எடுத்துவிடு. அதிகாரியிடம் இருப்பதையும் நீயே நேரில் போய் எடுத்துவிடு. அதே கையோடு என்னையும் எடுத்துவிடு. என் கல்யாணம், உன் பிறப்பு, அப்பாவின் கடைசி நாட்கள், நான் பேசிய எல்லாம். உயிரோடு இருக்கிறவள் சொல்லும்போது கேட்காத உனக்கு, செத்தவள் குரல் எதற்கு? அடுத்த தடவை யாரை வெளியே தள்ள அது பேசுமோ எனக்குத் தெரியாது.

இதைச் செய்யாமல் நீ போனால் நான் உன் போனை எடுக்கமாட்டேன். அழுது மெஸேஜ் போட்டாலும் எடுக்கமாட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். இதைச் செய்தால் உன்னிடம் என் குரல் இருக்காது. எப்போதாவது ஞாபகம் வந்தால் வரட்டும். மறந்துபோனால் மறந்துபோ.

அம்மா